மண்டல வானிலை மையத்தின் ஏழு நாள் கோடை அறிக்கை: எதற்கு உதவும், எங்கே கைவிடும்

மார்ச் பிறந்து மே முடியும் வரை தமிழ்நாட்டு வானிலை பல வழிகளில் ஆபத்தாகும். உள் மாவட்டங்களில் வெயில், பிற்பகலில் இடி மின்னல், கால் மணி நேரம் அடித்து வாழைத் தோப்பைச் சாய்த்துவிட்டுப் போகும் காற்று, சில ஆண்டுகளில் வங்கக்கடலில் ஒரு புயல். இத்தனையையும் ஒரே தாளில், ஏழு நாள் முன்கூட்டியே சொல்ல முயல்கிறது சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அன்றாட அறிக்கை. நண்பகலுக்குப் பிறகு வரும். தமிழிலும் கிடைக்கும். காசும் கிடையாது, கணக்குத் தொடங்கும் வேலையும் கிடையாது.

தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடலாம். அடுத்த வாரத்தில் எந்த நாள்களில் உஷாராக இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இந்த அறிக்கை போதும். கைப்பேசியில் ஏற்கெனவே இருக்கும் செயலிகளைவிட நிச்சயம் மேல். நாளை மாலை ஐந்து மணிக்கு நம் தெருவில் மழை வருமா என்று கேட்டால் இதில் பதில் இருக்காது. அதற்கு வேறு கருவிகள் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை இதே துறை தருபவை. இரண்டு கேள்விகளையும் ஒரே தாளிடம் கேட்பதால்தான், மழை என்று சொன்னால் வெயில் அடிக்கும் என்ற பழைய கேலி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அறிக்கையின் அமைப்பு ஏறக்குறைய மாறுவதே இல்லை. முதலில் கடந்த 24 மணி நேரத்தில் எங்கெங்கே எத்தனை சென்டிமீட்டர் மழை, எங்கே அதிக வெப்பம். அடுத்து வளிமண்டலத்தில் என்ன நடக்கிறது என்று ஓரிரு வரி. பிறகு நாள்வாரியாக ஏழு நாள் முன்னறிவிப்பு, வெப்பநிலையின் போக்கு, சென்னைக்குத் தனிக் குறிப்பு, கடைசியில் மீனவர்களுக்கான எச்சரிக்கை. தொலைக்காட்சிகள் மூன்றாவது பகுதியை மட்டும் வாசித்துவிட்டு நகர்ந்துவிடும். கோடையில் இரண்டாவது பகுதியின் அந்த ஓரிரு வரிகளே அதிகம் பயன்படும். மேற்குத் திசைக் காற்றும் கிழக்குத் திசைக் காற்றும் சந்திக்கும் பகுதி தமிழகத்தின் மேல் நீள்கிறது என்றால், உள் மாவட்டங்களில் அடுத்தடுத்த மாலைகளில் இடிமழைக்கு மேடை தயார். வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி, அதாவது தரைக்குச் சற்று மேலே காற்று சுழல்வது, என்று வந்தால் ஈரம் பரவலாக வரும். மழை மாலையோடு நிற்காமல் இரவிலும் தொடரலாம், கடலோரமும் நனையலாம். இரண்டுமே இல்லாமல் வெப்பச்சலனம், அதாவது சூடான தரைக்காற்று மேலெழுவது, மட்டும்தான் காரணம் என்றால், பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையும் அதை ஒட்டிய ஊர்களும்தான். சமவெளிக்குக் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இனி அளவுகள். இந்த அறிக்கையில் இடத்தைக் குறிக்கும் சொற்கள் பேச்சுவழக்கு அல்ல, கணக்கு. ஓரிரு இடங்களில் என்றால், அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 விழுக்காடு வரை. ஒருசில இடங்களில் என்றால் 26 முதல் 50. அநேக இடங்களில் என்றால் 51 முதல் 75. பெரும்பாலான இடங்களில் என்றால் 76-க்கு மேல். கோடை அறிக்கைகளில் மிக அதிகமாக வருவது முதல் சொல்தான். ஓரிரு இடங்களில் மழை என்று அறிவித்த நாளில் முக்கால்வாசி நிலையங்கள் காய்ந்து கிடந்தாலும் அறிக்கை பலித்ததாகவே கணக்கு. ஆகவே அந்தச் சொல் இருக்கும் நாளில் கல்யாணப் பந்தலை ஒத்திவைக்க வேண்டாம். தார்ப்பாயைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்தால் போதும். சொல் 'ஒருசில' என்றாகி மறுநாளே 'அநேக' என்றாகிறது என்றால், அந்த மாற்றத்தைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு நாளின் அறிக்கையைத் தனியாகப் படிப்பதைவிட, அதே நாளுக்கான வரி மூன்று நாளாக எப்படி மாறி வருகிறது என்று பார்ப்பதில் விஷயம் அதிகம்.

மழை அளவு சென்டிமீட்டரில். கனமழை என்றால் 7 முதல் 11 செ.மீ.; மிகக் கனமழை 12 முதல் 20 செ.மீ.; அதற்கு மேல் அதி கனமழை. நுணுக்கமாக வேண்டுவோருக்கு மில்லிமீட்டர் எல்லைகள்: 64.5, 115.6, 204.5. இவை எல்லாம் 24 மணி நேரக் கூட்டுத்தொகை. கோடைக்கு இந்த அளவுகோல் சரியாகப் பொருந்தாது, சேவையின் முதல் பெரிய குறை இதுதான். வடகிழக்குப் பருவமழையில் 6 செ.மீ. நாள் முழுக்கத் தூறித் தீரும், வடிகால் தாங்கிக்கொள்ளும். சித்திரை மாத இடிமேகம் அதே 6 செ.மீ.யை முக்கால் மணி நேரத்தில் கொட்டும். சுரங்கப்பாதை மூழ்கும், இருசக்கர வண்டிகள் அடித்துக்கொண்டு போகும். ஆனால் அட்டவணைப்படி அது மிதமான மழை. அதாவது கோடையின் மோசமான மாலை ஒன்று, முந்தைய நாள் தாளில் 'இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை' என்ற அலுப்பூட்டும் வரிக்குள்ளேயே ஒளிந்திருக்க முடியும். கோடையில் அந்த வரியில் கண் பட வேண்டியது 'மிதமான' என்ற சொல்லில் இல்லை, 'இடி மின்னல்' என்பதிலும் பின்னால் வரும் காற்றின் வேகத்திலும்தான்.

நாள் தொடங்கும் நேரமும் குழப்பும். வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடிகிறது. 14-ஆம் தேதிக்கான கனமழை எச்சரிக்கையில் 15-ஆம் தேதி விடியற்காலை மழையும் அடங்கும். 14-ஆம் தேதி இரவு பத்து மணிக்கு வானம் தெளிவாக இருக்கிறது என்று நெல்லைக் களத்தில் பரப்பிவிட்டுத் தூங்கப் போகிறவர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அதேபோல் 15-ஆம் தேதி காலையில் வெளியாகும் மழைப் பட்டியலில் இருப்பது முந்தைய மாலை பெய்த மழை.

நிறங்களைப் பற்றி வேண்டியதற்கு மேல் பேசப்படுகிறது. பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை, மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் நடவடிக்கை எடு. நிறம் முழு மாவட்டத்துக்கும் ஒன்று. நம் மாவட்டங்களின் நிலஅமைப்புக்கு இது ஒத்துவராது. திருநெல்வேலி மாவட்டத்தில் மாஞ்சோலை மேல் நாலுமுக்கும் ஊத்தும் இருக்கின்றன, கீழே வறண்ட ராதாபுரமும் இருக்கிறது. கோயம்புத்தூர் மாவட்டத்தில் மலைமேல் சின்னக்கல்லாறும் வால்பாறையும் இருக்கின்றன, சமவெளியில் சூலூரும் இருக்கிறது. வரைபடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வண்ணம். தமிழ் அறிக்கையின் வாசகத்தில் 'கோயம்புத்தூர் மாவட்ட மலைப்பகுதிகள்' என்று சரியாகவே பிரித்துச் சொல்லியிருப்பார்கள். வண்ணப் படமாகப் பகிரப்படும்போது அந்த ஒட்டுச்சொல் காணாமல் போய்விடும். படத்தை விட்டுவிட்டு வாசகத்தைப் படிப்பது நல்லது.

மலைப்பகுதிகள் என்ற சொல்லை அருவிக்குக் குளிக்கப் போகிறவர்களும் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். அருவியில் நிற்பவர் தலைக்கு மேல் பெய்யும் மழையைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. தண்ணீர் வருவது மேலே மலைக்காட்டில் பெய்த மழையிலிருந்து. நீர் கலங்கலாவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் மாறுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த நொடியே வெளியேற வேண்டும். தென்காசி மலைப்பகுதிக்கு ஆரஞ்சு இருக்கும் நாளில் அருவிப் பயணமே வேண்டாம்.

வெப்பம் பற்றிய பகுதிதான் இந்த அறிக்கையில் நம்பகமானது. பெரிய அளவிலான காற்றோட்டத்தைச் சார்ந்தது என்பதால் நான்கைந்து நாள் முன்பே போக்கு பிடிபட்டுவிடும். பயன்படுத்தும் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும். வெப்ப அலை என்று சொல்ல, சமவெளியில் குறைந்தது 40 டிகிரி செல்சியஸ், கடலோரத்தில் 37, மலையில் 30 எட்டியிருக்க வேண்டும். அதோடு இயல்பைவிட, அதாவது அந்த நாள்களுக்கான பல ஆண்டுச் சராசரியைவிட, 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். 6.4-க்கு மேல் கூடினால் கடும் வெப்ப அலை. இயல்பு எதுவாக இருந்தாலும் 45 டிகிரி தொட்டால் வெப்ப அலை, 47 தொட்டால் கடும் வெப்ப அலை. குறைந்தது இரண்டு நிலையங்களில், இரண்டு நாள் தொடர்ந்து நீடித்தால் இரண்டாம் நாளில் அறிவிப்பார்கள்.

இந்த இலக்கணத்தில் ஒரு பொறி இருக்கிறது. சென்னையில் மே நடுவில் இயல்பான அதிகபட்ச வெப்பமே 37 டிகிரியை ஒட்டி இருக்கும். 4.5 கூட்டினால் 41.5. ஆக, மே மாதத்தில் 40 டிகிரி அடிக்கும் சென்னை அதிகாரபூர்வமாக வெப்ப அலையில் இல்லை. உடம்புக்கு இந்த இலக்கணம் தெரியாது. 38 டிகிரியும் 50 விழுக்காடு ஈரப்பதமும் சேர்ந்தால் உடல் உணரும் வெப்பம் 48 டிகிரியைத் தொடும். இதை அறிக்கை 'அசௌகரியம் ஏற்படலாம்' என்று மிக நாகரிகமாகச் சொல்லிவிட்டுப் போகிறது. கடலோர மாவட்டங்களில் வெயிலில் வேலை வாங்குகிறவர்கள் அந்த வரியை ஆரஞ்சு எச்சரிக்கைக்குச் சமமாக எடுத்துக்கொள்ள வேண்டும்: கான்கிரீட் போடுவது, கூரை வேலை, சாலை வேலை எல்லாம் காலை 11 மணிக்கு முன்போ மாலை 4 மணிக்குப் பின்போ. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று ஆக்கியது. அந்த வகையில் இது வெறும் வானிலைச் செய்தி என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டது.

சென்னைக்கான வெப்ப முன்னறிவிப்பு தவறும் நாள்களுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான், கடற்காற்று. அது நண்பகலுக்கு முன்பே உள்ளே வந்துவிட்டால் வெப்பம் 36-37-இல் அடங்கிவிடும். மேல்காற்று மேற்கிலிருந்து பலமாக வீசி, கடற்காற்றை இரண்டு மூன்று மணி வரை கரையிலேயே தடுத்து வைத்தால் 40-ஐத் தாண்டும். 2003 மே இறுதியில் நகரின் நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் பதிவான 45 டிகிரி இன்றும் பேசப்படும் அளவு. வங்கக்கடலில் புயல் உருவாகி வடக்கே நகரும்போதும் இதே கதைதான்: ஈரத்தை அது இழுத்துக்கொண்டு போய்விடும், நமக்கு மிஞ்சுவது வறண்ட மேற்குக் காற்று. மீனம்பாக்கம் கடலிலிருந்து தள்ளியிருப்பதால் பெரும்பாலும் நுங்கம்பாக்கத்தைவிடச் சற்று அதிகம் காட்டும். தாம்பரம் பக்கம் இருப்பவர்கள் மீனம்பாக்கத்து எண்ணைப் பார்ப்பதே பொருத்தம். இந்த எண்கள் எல்லாம் நிழலில், காற்றோட்டமான மரப்பெட்டிக்குள் எடுத்தவை என்பதை மறக்க வேண்டாம். தார்ச்சாலையும் மொட்டை மாடியும் வேறு உலகம்.

கத்திரி வெயில் எப்போது தொடங்குகிறது என்று இந்த அறிக்கையில் தேடுகிறவர்கள் உண்டு. இருக்காது. அது பஞ்சாங்கக் கணக்கு. அந்த நாள்களில் கோடை மழை பெய்து வெப்பம் இயல்புக்குக் கீழே போன ஆண்டுகள் தாராளமாக உண்டு.

இடிமழைக்கு வருவோம். ஒரு இடிமேகம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் அகலம் இருக்கும், ஒரு மணி நேரத்துக்குள் பிறந்து செத்துவிடும். 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த பாரத் முன்னறிவிப்பு முறை 6 கி.மீ. கட்டங்களாகக் கணக்கிடுகிறது, அதற்கு முன் 12 கி.மீ. மேம்பாடுதான். ஆனாலும் ஒரே மேகத்தைத் தனியாகப் பிடிக்க இரண்டு கட்டங்கள் பற்றாது. மேகம் எங்கே எழும்பும் என்பதை அன்றைய கடற்காற்றின் முனை எதுவரை உள்ளே வந்தது, முந்தைய மேகம் கக்கிய குளிர்காற்று எந்தப் பக்கம் போனது போன்ற சில்லறை விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஆகவே நான்காம் நாள், ஐந்தாம் நாள் வரிகளில் இடிமழை என்று பார்த்தால் "இந்த மண்டலத்தில் பக்குவம் இருக்கிறது" என்று மட்டும் புரிந்துகொள்ள வேண்டும். கைப்பேசியில் வரும் வெளிநாட்டுச் செயலிகள் அடுத்த செவ்வாய் மாலை 4 மணிக்கு 63 விழுக்காடு என்று காட்டும். அந்தத் துல்லியம் பாவனை. அந்த எண்ணை யாரும் நம் ஊருக்காகப் பார்த்துத் திருத்துவதில்லை.

ஆகவே அன்றைய தினம் பிறந்ததும் வேறு மூன்று கருவிகளுக்கு மாறிவிட வேண்டும்.

முதலாவது, அடுத்த மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பு. மாவட்டவாரியாக வெளியாகிறது, இதே மையம்தான் தருகிறது. ராடாரையும் செயற்கைக்கோளையும் பார்த்து எழுதப்படுவதால் ஏழு நாள் தாளைவிட இடம் நெருக்கமாக இருக்கும். பார்க்க வேண்டியது வெளியிட்ட நேரமும் செல்லுபடியாகும் நேரமும். வாட்ஸாப்பில் சுற்றும் 'அடுத்த மூன்று மணி நேரத்தில்' படங்களில் பல, அந்த மூன்று மணி நேரம் முடிந்த பிறகுதான் கைக்கு வந்து சேரும். தேதியை வெட்டிவிட்டு மறு ஆண்டு வருவதும் உண்டு. தேதியும் நேரமும் இல்லாத எச்சரிக்கைப் படத்தை அனுப்பாமல் இருப்பதே புண்ணியம்.

இரண்டாவது, ராடார். சென்னைத் துறைமுகப் பகுதியிலும் காரைக்காலிலும் டாப்ளர் ராடார்கள் இருக்கின்றன. படங்களைத் துறையின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். படத்தில் உள்ள நேரம் உலகப் பொது நேரமாக இருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும், 10.00 என்றால் நமக்குப் பிற்பகல் 3.30. எதிரொலிப்பு அதிகபட்சப் படத்தை, அதாவது மேகத்தில் பட்டுத் திரும்பும் ராடார் அலையின் உச்ச வலிமையைக் காட்டும் படத்தை, எடுத்துக்கொண்டால், வண்ண அளவுகோலில் (அலகு dBZ) 20-களில் இருப்பது தூறல், 40-ஐத் தாண்டினால் கனத்த பொழிவு, 55-ஐ நெருங்கினால் ஆலங்கட்டியும் இருக்கலாம். அந்தப் படத்தின் மேலும் பக்கவாட்டிலும் உள்ள பட்டைகள் மேகத்தின் உயரத்தைக் காட்டுகின்றன. 12 கி.மீ.க்கு மேல் எழும்பிய மேகம் சும்மா போகாது.

நகர்வை அளப்பது எளிது. பத்து நிமிட இடைவெளியில் இரண்டு படங்கள். மேகம் 5 கி.மீ. நகர்ந்திருந்தால் வேகம் மணிக்கு 30 கி.மீ.; நம்மிடமிருந்து 45 கி.மீ. தள்ளி இருந்தால் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. அதிலிருந்து இருபது நிமிடம் கழித்துக்கொள்வது உத்தமம். மேகத்திலிருந்து கீழே விழும் குளிர்காற்று மழைக்கு முன்னால் ஓடி வரும். தகரக் கூரையைப் பிய்ப்பதும் விளம்பரப் பலகையைச் சாய்ப்பதும் அந்தக் காற்றுதான், மழை அல்ல. துறையின் வரையறையில் திடீர்ச் சூறை என்றால் காற்று சட்டென்று மணிக்கு 29 கி.மீ.யாவது கூடி, 40 கி.மீ.யையாவது எட்டி, ஒரு நிமிடமாவது நீடிக்க வேண்டும். கோடை இடிமேகத்துக்கு இது சாதாரணம். விடியற்காலையில் கடல் மேல் அசையாமல் புள்ளி புள்ளியாகத் தெரிவதை மழை என்று எண்ண வேண்டாம். தரையருகே காற்றடுக்கு தலைகீழாக, கீழே குளிர்ந்தும் மேலே சூடாகவும், இருக்கும் நேரத்தில் ராடார்க் கதிர் வளைந்து கடல்பரப்பில் பட்டுத் திரும்பும் பொய்த்தோற்றம் அது.

மேற்கு மாவட்டத்தவர்களுக்கு ராடார் அரைகுறைத் துணை. காரைக்காலிலிருந்து சேலம் சுமார் 200 கி.மீ. பூமியின் வளைவால் ராடாரின் மிகத் தாழ்ந்த கதிரே அங்கே 4 கி.மீ. உயரத்தில் போகும். உயரமான இடிமேகத்தின் நடுவும் உச்சியும் தெரியும், தரையருகே காற்று எப்படிப் பாய்கிறது என்பது தெரியாது. கோயம்புத்தூருக்கு அதுவும் எட்டாது. கொச்சி ராடார் பக்கம்தான், ஆனால் இடையில் மேற்குத் தொடர்ச்சி மலை. ஈரோடு, நாமக்கல், தேனி, திண்டுக்கல் பக்கம் கோடை இடிமழை தீவிரம், வாழையும் அதிகம். கண்காணிப்பு மெலிந்திருப்பதும் அங்கேதான். இச்சேவையின் மிகப்பெரிய ஓட்டை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். அந்தப் பகுதியினர் இன்சாட் செயற்கைக்கோள் படத்தையும் கீழே சொல்லும் மின்னல் செயலியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, தாமினி என்ற மின்னல் எச்சரிக்கைச் செயலி. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கியது. நம் இருப்பிடத்தைச் சுற்றி 20 கி.மீ., 40 கி.மீ. வட்டங்களுக்குள் மின்னல் விழுந்தால் சொல்லும். கடைசிச் சில நிமிடங்களின் மின்னல்களை வண்ணம் பிரித்துக் காட்டும். இடியோசை சுமார் 15 கி.மீ. வரைதான் காதில் விழும். ஆகவே 20 கி.மீ. எச்சரிக்கை நம் காதைவிட முந்திக்கொள்ளும், அதுதான் இந்தச் செயலியின் மதிப்பு. 40 கி.மீ. வட்டத்தில் மின்னல் தெரிந்தால் ஆடுமாடுகளைத் திருப்ப, கருவிகளை ஓரங்கட்டத் தொடங்கலாம். 20 கி.மீ.க்குள் வந்துவிட்டால் வயலில் யாரும் நிற்கக் கூடாது. தனி மரத்தடி, பனையடி, தகரக் கொட்டகை, மோட்டார் அறை வாசல் எல்லாம் கூடாது. கான்கிரீட் கட்டடத்தின் உள்ளே, அல்லது கண்ணாடி ஏற்றிய காருக்குள். கடைசி இடியோசைக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுக்க வேண்டும்; மழை விட்டதும் வேலைக்கு இறங்குகிற அவசரத்தில் மின்னல் தாக்கிய சம்பவங்கள் நிறைய.

தாமினி வாய் திறக்காமல் போவதற்குப் பெரும்பாலும் கைப்பேசியே காரணம். பேட்டரி சேமிப்பு முறை பின்னணியில் செயலியை அடக்கிவிடும்; அமைப்புகளில் போய் அதற்கு மட்டும் விலக்கு கொடுக்க வேண்டும். இருப்பிட அனுமதியை 'எப்போதும்' என்று வைக்க வேண்டும். தரவு இணைப்பு விட்டுப்போகும் மலைப்பகுதியில் இது உதவாது. அங்கே காதும் கண்ணும்தான்: மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர்.

இவற்றோடு தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் செயலியும், மாநில அரசு 2024-இல் கொண்டுவந்த டிஎன்-அலர்ட் செயலியும் உண்டு. இரண்டில் ஒன்று போதும். புதிதாக எதையும் கணிப்பதில்லை, இதே எச்சரிக்கைகளைக் கொண்டுவந்து சேர்க்கின்றன.

விவசாயிக்கு இந்தச் சேவையின் வேறொரு கிளை அதிகம் உதவும்: செவ்வாயும் வெள்ளியும் வெளியாகும் வேளாண் வானிலை அறிவுரை. மேகதூத் செயலியிலும் கிடைக்கும். ஏழு நாள் தாளில் 'இடியுடன் மணிக்கு 40 முதல் 50 கி.மீ. வேகக் காற்று' என்று வந்தால், குலை தள்ளிய வாழைக்கு அதுவே அபாயம். மேகத்தின் நேர் கீழே காற்று அதையும் மிஞ்சும். முட்டுக் கொடுக்கச் சவுக்குக் கம்பும் ஆளும் தேடிப் பிடிக்கவே இரண்டு நாள் ஆகும். மூன்றாம் நாள் வரியில் அந்த வாசகம் தலைகாட்டும்போதே வேலையைத் தொடங்கியாக வேண்டும், உடனடி அறிவிப்புக்குக் காத்திருந்தால் தோப்பு சாய்ந்த பிறகுதான் கயிறு வந்து சேரும். அன்றைக்கு நீர் பாய்ச்சுவதையும் நிறுத்திவைக்கலாம். ஈர மண்ணில் வேர் பிடி தளரும். அறுத்துக் காயவைத்த எள்ளுக்கும், தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களுக்கும் கணக்கு வேறு. அங்கே காற்றைவிட ஈரமே எதிரி. 'ஓரிரு' என்ற சொல் 'ஒருசில' ஆன நாளில் வாரிக் குவித்து மூடிவிட வேண்டியதுதான்.

புயல் வாரங்களில் ஏழு நாள் அறிக்கையை எவ்வளவு தள்ளுபடி செய்து படிக்க வேண்டும் என்பதற்கு 2019-இன் ஃபானியைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஏப்ரல் கடைசி வாரத் தொடக்கத்தில் அது வடதமிழகக் கடற்கரையை நெருங்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. சிவப்பு எச்சரிக்கை என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது. மே 3 அன்று அது கரையைக் கடந்தது ஒடிசாவின் பூரி அருகே. நமக்குக் கிடைத்தது வெயில். ஐந்து நாளுக்கு அப்பால் புயலின் பாதை இருநூறு முன்னூறு கிலோமீட்டர் விலகுவது இயல்பு. கரையை ஒட்டி நகரும் புயலுக்கு அந்த விலகலே வெள்ளத்துக்கும் வெயிலுக்கும் உள்ள வித்தியாசம். அதற்காக மே புயல் என்றாலே நம்மை விட்டு விலகிவிடும் என்று சொல்லவும் முடியாது: 2010-இன் லைலாவும் 2016-இன் ரோனுவும் சென்னையை நன்றாக நனைத்துவிட்டுத்தான் வடக்கே போயின. வியாழக்கிழமைகளில் வெளியாகும் நீண்டகாலக் கண்ணோட்டம், அடுத்த இரு வாரங்களில் வங்கக்கடலில் ஏதாவது உருவாகுமா என்று மட்டும் சொல்லும். அந்த அளவுக்கு அதை நம்பலாம்.

மீனவர் எச்சரிக்கைப் பகுதி கோடையில் யாருக்கு என்பதையும் சொல்ல வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் கடலுக்குள் போவது நாட்டுப்படகும் கட்டுமரமும்தான். 45 முதல் 55 கி.மீ. காற்று என்ற வழக்கமான வாசகம் விசைப்படகுக்கு ஒரு பொருள், வள்ளத்துக்கு வேறு பொருள். அறிக்கை இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை.

கள்ளக்கடல் இந்த ஏழு நாள் தாளின் நிறங்களுக்குள் அடங்காத ஆபத்து. தென்னிந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசிய புயல்காற்றில் எழுந்த நீண்ட அலைகள் சில நாள் பயணம் செய்து, தெளிந்த வானமும் அடங்கிய காற்றும் உள்ள நாளில் நம் கரையில் ஏறும். ஏப்ரல், மே மாதங்களில் கன்னியாகுமரி, தூத்துக்குடி, ராமநாதபுரக் கரைகள் இதற்கு உட்பட்டவை. இதைச் சொல்வது ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ், இந்தியக் கடல்சார் தகவல் சேவைகளுக்கான தேசிய மையம். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தபோது இன்காய்ஸின் எச்சரிக்கை ஏற்கெனவே நடப்பில் இருந்தது. மழை அறிக்கையில் அந்த மாவட்டத்துக்குப் பச்சை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடற்கரைக்குக் கிளம்புவதில் பயனில்லை. கோடை விடுமுறையில் தென்கோடிக் கடற்கரைக்குப் போகிறவர்கள் இன்காய்ஸின் பேரலை எச்சரிக்கைப் பக்கத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதில் அலையின் உயரத்தோடு, எந்தத் தேதி எந்த மணியிலிருந்து எந்த மணி வரை என்பதும், எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரையிலான கரை என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். மாவட்ட நிறத்தைவிட அந்த வரி எவ்வளவோ தெளிவு. இடிமழை அறிக்கையையும் இதே பாணியில், ஊர் எல்லை போட்டு எழுதலாம்.